கப்பல் டெக் இயந்திரங்களின் மின்பிரேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்ட்லாஸ் (நங்கூரச் சங்கிலியை ஏற்றி இறக்கும் இயந்திரம்), மூரிங் வின்ச் (கப்பலைத் துறையில் கட்டும் கயிற்றை இழுக்கும் இயந்திரம்), டெக் கிரேன் ஆகியவற்றின் மின்மோட்டாரோடு சேர்ந்து வரும் பிரேக்கைப் பற்றியது இந்தப் பக்கம். கப்பலில் இதைக் கழற்றி மாட்டும் இ.டி.ஓ. (மின்தொழில்நுட்ப அதிகாரி), இன்ஜினியர், கேடட் (பயிற்சி அதிகாரி) ஆகியோரையும், டெக்கில் நின்று லீவரைப் பிடிக்கும் போசனையும் (டெக் பணியாளர்களின் தலைவர்) மனத்தில் வைத்து எழுதியது. இங்கே தரும் அளவுகள் பொதுவாகப் புழங்குபவை. உங்கள் கப்பலில் இருக்கும் தயாரிப்பாளரின் கையேடு வேறு எண்ணைச் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்பிரேக் எங்கே இருக்கிறது? பேண்ட் பிரேக்கும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. பேண்ட் பிரேக் என்பது டிரம்மையோ சங்கிலிச் சக்கரத்தையோ சுற்றி இறுக்கும் இரும்புப் பட்டை. கையால் சக்கரம் சுற்றியோ ஹைட்ராலிக் சிலிண்டர் மூலமோ அதை இறுக்குவார்கள். மின்பிரேக் மோட்டாரின் பின்முனையில், மூடிக்குள் இருக்கும். அது பிடிப்பது மோட்டார் ஷாஃப்டை. அங்கிருந்து கியர்பாக்ஸ், கிளட்ச் வழியாகத்தான் அந்தப் பிடி டிரம்முக்குப் போகிறது. கிளட்சைக் கழற்றிவிட்டால் மின்பிரேக்குக்கும் சங்கிலிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கரண்ட் கொடுத்தால் பிடிக்குமா, விடுமா?

விடும். பிடிப்பது ஸ்பிரிங்.

மூடியைத் திறந்தால் காயில் பதித்த காந்த உடல் ஒன்று, அதன் முன்னால் ஆர்மேச்சர் தட்டு, அதற்கும் முன்னால் இருபுறமும் லைனிங் (உராய்வுப் பொருள்) ஒட்டிய உராய்வுத் தட்டு, கடைசியில் மோட்டாரின் எண்ட் ஷீல்டு அல்லது தனியான உராய்வு முகம் என்ற வரிசை தெரியும். உராய்வுத் தட்டு பல் வெட்டிய ஹப்பின் மேல் உட்கார்ந்து ஷாஃப்டோடு சுற்றும். கரண்ட் இல்லாதபோது காந்த உடலுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் ஆர்மேச்சர் தட்டைத் தள்ளி, உராய்வுத் தட்டை இரண்டு முகங்களுக்கு நடுவே நசுக்குகின்றன. ஷாஃப்ட் நிற்கிறது. காயிலுக்குக் கரண்ட் போனதும் காந்தம் ஆர்மேச்சரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, தட்டு சுதந்திரமாகச் சுற்றும். ஆர்மேச்சர் நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

இப்படி அமைத்ததற்குக் காரணம் கப்பலே. ஜெனரேட்டர் விழுந்தாலும், கேபிள் அறுந்தாலும், ஃபியூஸ் போனாலும் தூக்கிய சரக்கோ தொங்கும் நங்கூரமோ அங்கேயே நிற்க வேண்டும். எல்லாக் கோளாறும் பிரேக் பிடிக்கும் பக்கமாகவே போய் முடியும்படி செய்திருக்கிறார்கள். முக்கியமாக மூன்று கோளாறுகள் இந்த விதிக்கு அடங்காதவை: லைனிங்கில் எண்ணெய், கை ரிலீஸ் சிக்கிக்கொள்வது, துருவால் ஆர்மேச்சர் நகராமல் போவது. ஆய்வின்போது கண் முதலில் போக வேண்டியது இந்த மூன்றின் மீதுதான்.

நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலை இந்தப் பிரேக் பிடித்து நிறுத்துமா?

நிறுத்தாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

60 மி.மீ. விட்டமுள்ள மூன்றாம் தரச் சங்கிலியை எடுத்துக்கொள்வோம். வகைப்பாட்டு அமைப்புகளின் (கப்பல்களை ஆய்வு செய்து சான்று தரும் நிறுவனங்கள்) பொது விதிப்படி, விண்ட்லாஸ் தொடர்ந்து இழுக்க வேண்டிய விசை 47.5 பெருக்கல் விட்டத்தின் வர்க்கம், அதாவது சுமார் 171 கிலோநியூட்டன். வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டராவது இருக்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் 26 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. கியர் இழப்பைச் சேர்த்தால் ஏறத்தாழ 37 கிலோவாட் மோட்டார். 1750 சுற்றில் அதன் முறுக்குவிசை சுமார் 200 நியூட்டன் மீட்டர். இதற்கு இரு மடங்காக 400 நியூட்டன் மீட்டர் பிரேக் போட்டிருக்கிறார்கள் என்று வைப்போம். அந்தப் பிடியைக் கியர் வழியாகச் சங்கிலிக்குக் கொண்டுவந்தால் சுமார் 490 கிலோநியூட்டன் வரும். கியர் உராய்வு பிடிப்புக்கு உதவுவதையும் கணக்கில் சேர்த்தாலும் 700 பக்கம்தான்.

அந்தச் சங்கிலி அறுபடும் விசையோ ஏறத்தாழ 2,770 கிலோநியூட்டன். சங்கிலி ஸ்டாப்பர் (சங்கிலியைத் தனியாகப் பூட்டிப் பிடிக்கும் கருவி) இல்லாத விண்ட்லாஸில் பேண்ட் பிரேக் இதில் 80 சதவீதத்தை, அதாவது 2,200க்கு மேல் தாங்க வேண்டும் என்பது விதி. ஸ்டாப்பர் இருந்தால் பேண்ட் பிரேக்குக்கு 45 சதவீதம் போதும். அப்போதும் 1,245 கிலோநியூட்டன். மின்பிரேக் எந்த வகையிலும் அந்தக் கணக்கில் சேராது. நங்கூரத்தையும் தொங்கும் சங்கிலியையும் நிறுத்தத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். காற்றும் அலையும் தள்ளும் கப்பலை நிறுத்துவதற்கு அல்ல.

ஆகவே நங்கூரம் போட்டு, தேவையான ஷாக்கிள் (சங்கிலி நீளத்தின் அலகு, 27.5 மீட்டர்) விட்டதும் பேண்ட் பிரேக்கை இறுக்கி, ஸ்டாப்பரைப் போட்டு, கிளட்சைக் கழற்றிவிட வேண்டும். கியரிலேயே விட்டுவைத்தால் கப்பல் ஒரு அலையில் பின்னால் போகும்போது வரும் இழுப்பு முழுவதும் கியர் பற்கள் வழியாக மோட்டாருக்குப் போகும். பல் உடையும், அல்லது பிரேக் வழுக்கி மோட்டார் அளவுக்கு மீறிச் சுற்றும்.

அப்படிச் சுற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 2007 ஜூன் 25 அன்று இங்கிலாந்தின் டீஸ் விரிகுடாவில் ‘யங் லேடி’ என்ற டாங்கரில் நடந்தது சாட்சி. அது ஹைட்ராலிக் விண்ட்லாஸ். மோசமான கடலில் நங்கூரத்தை ஏற்றும்போது அதன் மோட்டார் சிதறியது. சங்கிலி கடைசி வரை ஓடி, இழுபட்டுப் போன நங்கூரம் கடலடி எரிவாயுக் குழாயில் சிக்கியது. மோட்டார் மின்சாரமானாலும் ஹைட்ராலிக்கானாலும் கியர் வழியே திரும்பி வரும் விசை ஒன்றுதான்.

மூரிங் வின்ச்சில் கயிறு கட்டிய பிறகு கியரில் விட்டு மின்பிரேக்கை நம்பலாமா?

கூடாது. கயிற்றைத் தாங்க வேண்டியது பேண்ட் பிரேக். டாங்கர் கப்பல்களின் நடைமுறையில், கப்பலின் வடிவமைப்புக் கயிற்று வலிமையில் 60 சதவீதம் வந்ததும் அது வழுக்கிக் கொடுக்கும்படி அமைத்திருப்பார்கள். கயிறு அறுவதற்கு முன் பிரேக் விட்டுக் கொடுக்க வேண்டும் என்பதே நோக்கம். வின்ச்சைக் கியரில் விட்டுவைத்தால் எந்த இழுப்பில் வழுக்கும் என்பது யாருக்கும் தெரியாது. ஒருவேளை வழுக்காமலே போய்க் கயிறு அறுந்து, அருகில் நிற்பவர் மேல் பாயும்.

பேண்ட் பிரேக்கைப் பற்றி ஒன்று: டிரம்மில் கயிறு தவறான திசையில் சுற்றியிருந்தால் அதன் பிடி பெருமளவு குறைந்துவிடும். டிரம்மில் அம்புக்குறி போட்டு வைப்பது அதற்காகத்தான்.

ஆட்டோ டென்ஷனில் (கயிற்றின் இழுப்பைத் தானே ஒரே அளவில் வைக்கும் முறை) வின்ச் ஓடும்போது மோட்டாருக்கு எப்போதும் கரண்ட் இருக்கும், மின்பிரேக் விட்ட நிலையிலேயே இருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் பிரேக் உடனே பிடிக்கும். அப்போது ஓடிப்போய்ப் பேண்ட் பிரேக்கை இறுக்கிக் கிளட்சைக் கழற்றும் ஆள் டெக்கில் யார் என்பதை முன்னதாகவே முடிவு செய்துவையுங்கள்.

காயிலுக்கு ஏன் டி.சி.? ரெக்டிஃபையர் என்ன செய்கிறது?

ஏ.சி. காந்தத்தில் ஆர்மேச்சர் முழுமையாக ஒட்டவில்லை என்றால் காயில் இழுக்கும் கரண்ட் பல மடங்கு அதிகமாகவே நிற்கும். கொஞ்ச நேரத்தில் காயில் கருகிவிடும். டி.சி. காயிலில் கரண்டைத் தீர்மானிப்பது அதன் மின்தடை மட்டும்தான். ஆர்மேச்சர் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் அதே கரண்ட். இரைச்சலும் இல்லை.

கப்பலில் கிடைப்பது ஏ.சி. என்பதால் டெர்மினல் பாக்ஸுக்குள்ளோ ஸ்டார்ட்டர் பேனலிலோ ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் சிறிய ரெக்டிஃபையர் இருக்கும். அரை அலை ரெக்டிஃபையர் உள்ளீட்டில் 0.45 பங்கையும், முழு அலை 0.9 பங்கையும் டி.சி.யாகத் தரும். 440 வோல்ட் அரை அலையில் 198 வோல்ட் ஆகும். 230 வோல்ட் முழு அலையில் 207 ஆகும். காயில் தட்டில் அச்சிட்டிருக்கும் 198, 207, 180, 103 போன்ற எண்கள் இங்கிருந்து வருபவை.

ஸ்பேர் இல்லை என்று கையில் கிடைத்த பிரிட்ஜ் ரெக்டிஃபையரை மாட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. 198 வோல்ட் காயிலுக்கு 440இலிருந்து முழு அலை கொடுத்தால் 396 வோல்ட் போகும். வோல்டேஜ் இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு. பிரேக் அருமையாக விடும், பிறகு காயில் புகையும். எதிர்ப்புறமாக, 207 வோல்ட் காயிலுக்கு 230இலிருந்து அரை அலை கொடுத்தால் 103தான் கிடைக்கும். பிரேக் விடாது, அல்லது பாதி விட்டு உரசும். டயோடும் சும்மா இருக்காது: 440 வோல்ட் லைனின் உச்சம் 622 வோல்ட். 600 வோல்ட் டயோடு அதில் நிற்காது.

பெரிய பிரேக்குகளில் முதல் ஓரிரு விநாடி முழு அலை கொடுத்து வேகமாக இழுத்து, பிறகு அரை அலைக்கு இறங்கிப் பிடித்து வைக்கும் ரெக்டிஃபையர் உண்டு. அது இறங்க மறுத்து முழு அலையிலேயே நின்றுவிட்டால் காயில் தொடர்ந்து சூடாகும். காயில் திரும்பத் திரும்பக் கருகும் கப்பலில் காயிலை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்காமல், ஓட்டம் தொடங்கிச் சில விநாடிகள் கழித்து டி.சி. பக்க வோல்டேஜை அளந்து பாருங்கள்.

லீவரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகும் சுமை சற்று இறங்கித்தான் நிற்கிறது. ஏன்?

பெரும்பாலும் காரணம் ஸ்விட்ச் செய்யும் இடம். ரெக்டிஃபையருக்கு முன்னால், ஏ.சி. பக்கத்தில் மட்டும் கான்டாக்டர் (மின்காந்த ஸ்விட்ச்) திறந்தால், காயிலில் சேர்ந்திருக்கும் காந்த ஆற்றல் ரெக்டிஃபையரின் டயோடு வழியே தனக்குள்ளேயே சுற்றி மெதுவாகத் தேய்கிறது. அது தேயும்வரை ஆர்மேச்சர் ஒட்டியே இருக்கும். டி.சி. பக்கத்தையும் ஒரு கான்டாக்டால் துண்டித்தால் கரண்ட் சட்டென்று விழும், பிரேக் பல மடங்கு வேகமாகப் பிடிக்கும். சுமை தூக்கும் இயந்திரங்களுக்கு, அதாவது கிரேன், விண்ட்லாஸ் இரண்டுக்கும், டி.சி. பக்கத் துண்டிப்பு இருக்க வேண்டும்.

இதில் வரும் கோளாறு நுட்பமானது. டி.சி. பக்க கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால், அல்லது யாரோ ஜம்பர் போட்டுவிட்டால், பிரேக் வேலை செய்வதாகவே தெரியும். தாமதம் மட்டும் கூடும். அந்தக் கான்டாக்டைப் பாதுகாக்க வேரிஸ்டர் இருக்கும். துண்டிக்கும் கணத்தில் காயில் எழுப்பும் உயர் வோல்டேஜை அது விழுங்குகிறது. வேரிஸ்டர் போய்விட்டால் கான்டாக்ட் நுனிகள் தீய்ந்து, காயில் இன்சுலேஷனும் துளைபடும்.

லைனிங் தேய்ந்தால் பிரேக் பிடிக்காது என்றுதானே நினைக்கிறோம்? இங்கே விடவே மாட்டேன் என்கிறதே?

இந்தப் பிரேக்கின் இயல்பே அதுதான். லைனிங் தேயத் தேய, பிடித்த நிலையில் ஆர்மேச்சர் தட்டு காந்தத்தை விட்டு விலகி நிற்கும், இரண்டுக்கும் நடுவே உள்ள ஏர் கேப் வளரும். ஸ்பிரிங் கொஞ்சம் நீண்டு பிடி சிறிதளவே குறையும். ஆனால் காந்தத்தின் இழுவிசை இடைவெளி கூடக்கூட மிக வேகமாகக் குறையும். ஒரு கட்டத்தில் காந்தத்தால் தட்டை இழுக்க முடியாமல் போகும். அல்லது குளிரில் இழுக்கும், காயில் சூடாகி மின்தடை கூடியதும் இழுக்காது.

மோட்டாரோ பிரேக்கைப் பொருட்படுத்தாமல் அதை இழுத்துக்கொண்டு ஓடும். ஆம்பியர் கூடும், லைனிங் புகையும், ஓவர்லோடு டிரிப் ஆகும். டெக்கிலிருந்து ‘மோட்டார் கோளாறு’ என்று தகவல் வரும். டிரிப்பை ரீசெட் செய்து இரண்டாம் முறை ஓட்டுவதற்கு முன், லீவர் போடும்போது பிரேக்கில் ‘டக்’ என்ற ஓசை கேட்கிறதா என்று ஒருவரை அருகில் நிறுத்திப் பாருங்கள்.

ஏர் கேப்பை எப்படி அளந்து சரிசெய்வது?

முதலில் சுமையை இறக்குங்கள். விண்ட்லாஸ் என்றால் நங்கூரம் ஹாஸ் பைப்பில் (சங்கிலி வெளியே போகும், நங்கூரம் வந்து அமரும் குழாய்) உட்கார்ந்து, ஸ்டாப்பரும் லாஷிங்கும் போட்டு, பேண்ட் பிரேக் இறுகி, கிளட்ச் கழன்றிருக்க வேண்டும். கிரேன் என்றால் ஹூக் தரையில், ஜிப் (கிரேனின் கை) ரெஸ்டில். மோட்டார் சப்ளையைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு அட்டை தொங்கவிடுங்கள். ஈரத்தை விரட்டும் ஹீட்டருக்கு வேறு ஃபீடரிலிருந்து சப்ளை வரும். மோட்டார் பிரேக்கர் திறந்திருக்கும்போதும் அது உயிரோடு இருக்கும் என்பதால் அதையும் துண்டித்து, டெஸ்டரால் பார்த்த பிறகே கை வையுங்கள்.

மூடியைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். உறிஞ்சி எடுங்கள். சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதி 2002 ஜூலை முதல் கப்பல்களில் புதிதாக ஆஸ்பெஸ்டாஸ் பொருத்துவதைச் சில விலக்குகளோடு தடுத்தது. 2011 ஜனவரி 1 முதல் முழுத் தடை. அதற்கு முந்தைய கப்பலில் பழைய லைனிங் எதனால் ஆனது என்று ஊகிக்க வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகவே வைத்து முகமூடி போட்டு வேலை செய்யுங்கள்.

பிரேக் பிடித்த நிலையில், காந்த உடலுக்கும் ஆர்மேச்சருக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) மூன்று இடங்களில், 120 டிகிரி இடைவெளியில் நுழையுங்கள். புதிய நிலையில் பொதுவாக 0.3 முதல் 0.6 மி.மீ. இருக்கும். ஒரு மில்லிமீட்டரை நெருங்கினால் பெரும்பாலான பிரேக்குகளுக்குச் சரிசெய்யும் நேரம் வந்துவிட்டது. மூன்று இடத்திலும் ஒரே அளவு வராவிட்டால் தட்டு சாய்ந்து உரசும்.

கேப்பைக் குறைக்க, காந்த உடலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, அவற்றைச் சுற்றியுள்ள குழல் திருகுகளைக் காந்த உடலுக்குள் திருகி, மறுபடி போல்ட்டை இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் இறுக்கும்போது அளவு மாறும். சில தயாரிப்புகளில் குழல் திருகு கிடையாது. தட்டு தேய்ந்தால் மாற்றுவதுதான் வழி.

உராய்வுத் தட்டின் தடிமனைத் தனியாக வெர்னியரில் அளந்து கையேட்டின் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். கேப்பைச் சரிசெய்துகொண்டே போனால் தட்டு தீர்ந்துபோனது தெரியாது. ஹப் பற்களையும் பாருங்கள். தட்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தால் பெரிய ஆட்டம் இருக்கக் கூடாது.

கை ரிலீஸ் எதற்கு? அதில் எதைக் கவனிக்க வேண்டும்?

கரண்ட் இல்லாத நேரத்தில் சுமையை இறக்கவும், மோட்டாரைக் கையால் சுற்றவும். லீவரை இழுத்தாலோ இரண்டு திருகுகளை முறுக்கினாலோ ஆர்மேச்சர் பின்னால் வரும்.

லீவரின் நட்டுகளுக்கும் ஆர்மேச்சருக்கும் நடுவே தயாரிப்பாளர் சொன்ன சிறு இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும். லைனிங் தேயும்போது அந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். பூஜ்யமானால் ஸ்பிரிங் தள்ளும் விசையை லைனிங் வாங்காது, லீவர் வாங்கும். வெளியே பார்த்தால் எல்லாம் சரி, உள்ளே பிரேக் இல்லை. ஏர் கேப் சரிசெய்தவர் இந்த இடைவெளியையும் அளந்து எழுதினால்தான் வேலை முடிந்தது.

திருகு வகை கை ரிலீஸைப் பயன்படுத்திவிட்டுத் திரும்பத் தளர்த்த மறப்பது இன்னும் ஆபத்து. வேலை முடிந்ததும் திருகைக் கழற்றி அதற்குரிய கிளிப்பில் மாட்டிவிடுங்கள்.

பிளாக்அவுட்டில் கிரேன் சுமையைக் கை ரிலீஸால் இறக்கும்போது சிறிது விட்டுப் பிடித்து, சிறிது விட்டுப் பிடித்து இறக்க வேண்டும். ஒரேயடியாக விட்டால் சுமை வேகமெடுத்து, மறுபடி பிடிக்கும்போது லைனிங் தீயும். விண்ட்லாஸில் இந்த வழிக்கே போகாதீர்கள். பேண்ட் பிரேக்கை இறுக்கிக் கிளட்சைக் கழற்றி, பேண்ட் பிரேக்கால் கட்டுப்படுத்துவதே மேல்.

மூன்றாம் வேகத்திலிருந்து லீவரை நேராகப் பூஜ்யத்துக்கு அடிக்கலாமா?

அவசரம் என்றால் அடிக்கலாம், அதற்காகவே பிரேக் இருக்கிறது. வழக்கமாக்கக் கூடாது. 4, 8, 16 காந்தத் துருவங்கள் (போல்) உள்ள மூவேக மோட்டாரில் மெதுவேகம் முழு வேகத்தில் நான்கில் ஒரு பங்கு. சுற்றும் பாகங்களின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே மெதுவேகத்தில் பிரேக் பிடித்தால் அது விழுங்க வேண்டிய சூடு பதினாறில் ஒரு பங்குதான். படிப்படியாக இறக்கினால் மோட்டாரே ஜெனரேட்டராகி வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும். மூன்று விநாடி பொறுமை லைனிங்கின் ஆயுளைப் பல மடங்கு கூட்டும்.

இன்வெர்ட்டர் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) உள்ள வின்ச்சில் என்ன மாறுகிறது?

பிரேக் பெரும்பாலும் நிறுத்தும் வேலையிலிருந்து விடுபட்டு, நின்றதைப் பிடித்து வைக்கும் வேலைக்கு மாறுகிறது. இன்வெர்ட்டர் முதலில் மோட்டாரில் முறுக்குவிசையை எழுப்பி, அது வந்ததை உறுதிசெய்த பிறகே பிரேக்கை விடச் சொல்லும். நிறுத்தும்போது வேகம் பூஜ்யத்தை நெருங்கியதும் பிரேக்கைப் போட்டு, அது பிடிக்கும்வரை முறுக்குவிசையை வைத்திருக்கும். பிரேக்கைச் சீக்கிரம் விட்டால் சுமை ஒரு குலுக்கு இறங்கும். தாமதமாக விட்டால் ஒவ்வொரு தொடக்கத்திலும் லைனிங் உரசும். பிரேக் மாற்றிய பிறகு இந்த நேர அமைப்புகளை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

காயில் சப்ளையை மோட்டார் டெர்மினலிலிருந்து எடுக்கவே கூடாது. இன்வெர்ட்டர் அங்கே தருவது வேகத்தோடு மாறும் வோல்டேஜ். மெதுவேகத்தில் பிரேக் விடாது. நேரடி ஸ்டார்ட்டரிலிருந்து இன்வெர்ட்டருக்கு மாற்றிய பழைய கப்பல்களில் இது மறந்துபோகும்.

பல வாரம் ஓடாமல் கிடந்த விண்ட்லாஸ் கிளம்ப மறுக்கிறது. பிரேக்தான் காரணமா?

இருக்கலாம். முன்தளத்தில் உப்புத் தண்ணீர் அடிக்கும் இடம் அது. உறை ஐ.பி. 56 (தூசும் நீரும் புகாத தர அளவு) என்றிருந்தாலும் கேபிள் கிளாண்ட், மூடி கேஸ்கெட், கை ரிலீஸ் தண்டின் சீல் ஆகிய மூன்று வழிகளில் ஈரம் நுழையும். லைனிங் எதிர்முகத்தோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். காந்தம் ஆர்மேச்சரை இழுத்தாலும் தட்டு கழலாது.

துறைமுகம் வருவதற்கு முந்தைய நாளே, கை ரிலீஸை இழுத்து மோட்டார் ஷாஃப்ட் சுற்றுகிறதா என்று பாருங்கள், பிறகு கிளட்ச் கழற்றிய நிலையில் இருபுறமும் ஓட்டுங்கள். ஒட்டியிருந்தால் கழற்றி, முகங்களை நைஸ் எமரி தாளில் துருநீக்கித் துடைக்கவும். துருநீக்கி எண்ணெய் தெளிப்பது மட்டும் வேண்டாம். லைனிங் அதைக் குடித்துவிட்டால் எந்தக் கரைப்பானாலும் முழுமையாக வெளியே வராது, தட்டை மாற்றத்தான் வேண்டும்.

ஹீட்டர் வேலை செய்கிறதா என்று ஆம்பியர் அளந்து பாருங்கள், ஸ்விட்ச் விளக்கை நம்ப வேண்டாம். கீழே உள்ள வடிகால் பிளக்கை மாதமொரு முறை திறங்கள். தண்ணீர் வந்தால் எங்கிருந்து வந்தது என்று தேடி அடைத்த பிறகே மூடுங்கள்.

பிரேக் விடுகிறது, ஆனால் வழுக்குகிறது. எங்கே பார்ப்பது?

மோட்டாரின் ஆயில் சீல் அல்லது பேரிங் கிரீஸ் கசிந்து லைனிங் நனைந்திருக்கிறதா என்பது முதலில். மூடியின் அடியில் கிரீஸ் கோடு இருந்தால் அதுவே விடை. பேரிங்குக்கு கிரீஸ் துப்பாக்கியால் அளவின்றி அடிப்பவர் பிரேக்கைக் கெடுக்கிறார். அடுத்தது கை ரிலீஸ் இடைவெளி. அதற்கடுத்தது, முன்பு வேலை செய்தவர் ஸ்பிரிங்குகளை எல்லாம் திரும்பப் போட்டாரா என்பது. பல பிரேக்குகளில் பிடியின் அளவு ஸ்பிரிங்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கண்ணாடிபோல் மின்னும் லைனிங் என்றால் ஒருமுறை தீய்ந்து இறுகியிருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும்.

மெகர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) போடும்போது கவனிக்க வேண்டியது?

ரெக்டிஃபையரைக் கழற்றிவிடுங்கள். 500 வோல்ட் மெகர் டயோடையும் வேரிஸ்டரையும் கெடுக்கலாம், அல்லது வேரிஸ்டர் வழியே கசிந்து பொய்யான குறைந்த அளவைக் காட்டலாம். காயிலின் இரு நுனிகளையும் சேர்த்து, உடலுக்கும் அதற்கும் நடுவே அளக்கவும். ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் உலர்த்துங்கள். பிறகு மல்டிமீட்டரில் காயில் மின்தடை: 198 வோல்ட், 100 வாட் காயில் என்றால் சுமார் 390 ஓம் வர வேண்டும். வோல்டேஜின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் வரும் எண் அது. மிகக் குறைந்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகியிருக்கின்றன.

சரிசெய்த பிறகு எப்படிச் சோதிப்பது?

விண்ட்லாஸில், ஆழமும் இடமும் அனுமதித்தால், ஒரு ஷாக்கிள், அதாவது 27.5 மீட்டர் சங்கிலியைக் கியரில் இறக்கி, நங்கூரம் தரை தொடாமல் தொங்கும்போது லீவரைப் பூஜ்யமாக்குங்கள். மோட்டார் ஷாஃப்டின் கப்ளிங்கில் சாக்பீஸால் கோடு போட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். கோடு நகரக் கூடாது. அடுத்து, மெதுவேகத்தில் இறக்கும்போது எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தி, நின்ற தூரத்தைக் குறித்துவையுங்கள். அடுத்த முறை அந்த எண் கூடியிருந்தால் ஏதோ மாறியிருக்கிறது. சோதனை நேரம் முழுவதும் பேண்ட் பிரேக்கின் அருகில் ஒருவர் நிற்க வேண்டும்.

கிரேனில் வருடாந்தர முழு ஆய்வும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சுமைச் சோதனையும் வழக்கம். 20 டன் வரை உள்ள கிரேனுக்கு 25 சதவீதம் கூடுதல் சுமை, 20 முதல் 50 டன் வரை 5 டன் கூடுதல், அதற்கு மேல் 10 சதவீதம். பிரேக் அந்தச் சுமையையும் பிடிக்க வேண்டும். கரண்ட்டைத் துண்டித்தும் பார்க்க வேண்டும்.

சில கிரேன்களில் டிரம் மேல் இரண்டு ஷூ வைத்த பிரேக் இருக்கிறதே, அதுவும் மின்பிரேக்தானா?

ஆம், விடுவிக்கும் முறை வேறு. சிறிய மோட்டார் ஒன்று எண்ணெய்க்குள் இம்பெல்லரைச் சுற்றி, அந்த அழுத்தத்தால் பிஸ்டனை உயர்த்தி ஷூக்களை விலக்கும். ‘திரஸ்டர்’ என்பார்கள். பிடிப்பது இங்கேயும் ஸ்பிரிங். எண்ணெய் குறைந்தாலோ, குளிர்நாட்டில் தடித்துப் போனாலோ பிஸ்டன் முழுமையாக எழாது. மூன்று ஃபேஸ் மோட்டார் என்பதால் ஒரு ஃபேஸ் போனாலும் அதே நிலை. எண்ணெய் அளவையும் ஸ்ட்ரோக்கையும் பாருங்கள்.

ஸ்பேரும் பதிவும் எவ்வளவு வைத்திருக்க வேண்டும்?

ஒவ்வொரு பிரேக் அளவுக்கும் ஒரு உராய்வுத் தட்டு, ஒரு காயில், இரண்டு ரெக்டிஃபையர், ஒரு சீல் செட். ரெக்டிஃபையர்தான் முதலில் போகும், விலையும் குறைவு, அதனால் இரண்டு. பிரேக் தட்டில் உள்ள வகை எண், முறுக்குவிசை, காயில் வோல்டேஜ் மூன்றையும் படமெடுத்து வைக்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

2024 ஜனவரி 1 முதல் சோலாஸ் திருத்தத்தின்படி மூரிங் கருவிகளின் ஆய்வு, பராமரிப்புப் பதிவுகள் கப்பலில் இருக்க வேண்டும். சரக்குக் கிரேன்களுக்கான சோலாஸ் விதி 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவேட்டில் ‘பிரேக் பார்த்தது, சரி’ என்று எழுதினால் பயனில்லை. தேதி, ஏர் கேப் மூன்று இடத்திலும், தட்டின் தடிமன், கை ரிலீஸ் இடைவெளி, காயில் மின்தடை, மெகர் அளவு, சோதனையில் நின்ற தூரம் ஆகிய ஏழும் ஒவ்வொரு முறையும் எண்ணாக எழுதப்பட வேண்டும். அடுத்து கப்பலில் ஏறும் இ.டி.ஓ. அந்த எண்களை வைத்துத் தட்டு இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போட முடியும்.